மாடு தின்ற சேலை

ஆவணி பிறந்து பனம்பழம் விழத் தொடங்கியதும் ஒரு நாள் எங்கள் வீட்டு முற்றத்துக் கொடியில் ஒரு சேலை காயும். வெங்காயத் தோலின் நிறம். வெயில் பட்டால் மினுங்கும். முந்தானைப் பக்கம் மட்டும் கிழிந்து, மென்று துப்பியது போல நூல் நூலாகத் தொங்கும். வேலைக்கு வருகிற பிள்ளைகள் எலி அரித்தது என்று நினைப்பார்கள். எலி அரித்தால் ஓட்டை ஓட்டையாக இருக்கும். இது மாடு தின்றது. அந்த ஒரு நாள் நான் கடைக்குப் போவதில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து கொடிக்குப் பக்கத்தில் போட்டு, கையில் ஒரு பூவரசந் தடியோடு சேலை காயும்வரை இருப்பேன். கருவாட்டுக் கடைகளும் லொறியும் குளிரறையும் வைத்திருக்கிற மனுசி ஒரு கந்தலுக்குக் காவல் இருக்கிறாள் என்று ஒழுங்கையால் போகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப் பேர் பிறகு என்னிடம் வேலை கேட்டு வந்தார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதை மறைக்கிற ஆள் நான் இல்லை. கூடப் படித்திருந்தால் ஏதாவது கந்தோரில் பைல் கட்டிக்கொண்டு இருந்திருப்பேன். இத்தனை குடும்பத்துக்குச் சம்பளம் கொடுத்திருக்க மாட்டேன். பிறந்தது குருநகர். கடற்கரையில் பிறந்த பெண்பிள்ளைக்கு வலையும் தெரியும், மீனும் தெரியும், சண்டையும் தெரியும். அப்பா ஒரு நாள் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எண்பத்து மூன்றுக்குப் பிறகு எங்கள் கடலில் அப்படித் திரும்பாதவர்கள் அதிகம். யாரிடம் போய்க் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியாது. அம்மா அழுதுகொண்டிருந்தாள். நான் அவருடைய மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனேன். விற்றதை விற்றேன், விற்காத மீனைக் கீறி உப்பிட்டுக் கருவாடாக்கினேன். விற்காமல் போன மீன்தான் என்னை ஆளாக்கியது என்று இப்போதும் கடைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அவர்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனார்கள். நான் சொல்லிக் களைக்கவில்லை.

தொண்ணூறில் கோட்டைப் பக்கம் சண்டை தொடங்கி, கரையோரமெல்லாம் செல் விழ, நானும் அம்மாவும் ஒரு சைக்கிளும் ஒரு உப்புச் சாக்குமாகப் புத்தூருக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு கமக்காரர் தன் தோட்டத்து மூலையில் இருந்த புகையிலைக் குடிலை எங்களுக்கு இருக்கத் தந்தார். ஊரில் எல்லோரும் அவரை ஐயா என்பார்கள். நாங்களும் ஐயா என்றோம். மனைவியை இழந்தவர். விபூதி அழியாத நெற்றி, மச்ச வாடை படாத வீடு. இடத்தைத் தரும்போதே சட்டமும் சொன்னார்.

"இருங்கோ. எவ்வளவு காலமெண்டாலும் இருங்கோ. ஆனால் வெள்ளிக்கிழமையிலை மீன் சட்டி அடுப்பிலை ஏறப்படாது. கருவாடு என்ரை வளவுக்குள்ளை காயப்படாது."

அம்மா தலையாட்டினாள். நான் ஆட்டவில்லை. "ஒழுங்கைக்கு அங்காலை காயப்போட்டாலும் காத்து இஞ்சாலை வருமே ஐயா. காத்துக்கு என்ன சட்டம்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குப் பின்னால் குசினி வாசலில் நின்ற அவருடைய ஒரே மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவளுக்கு நல்லதொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை; இங்கேயும் சொல்லப்போவதில்லை. நான் அவளைச் சைவம் என்றேன். அவள் என்னைக் கருவாடு என்றாள். சண்டையில் வைத்த பெயர்கள் அவை. ஒழுங்கைக்கு அப்பால் பனங்கூடலுக்குள் ஓலைப்பாய் விரித்து நான் மீன் காயப்போட்டிருந்தேன். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் வந்து நின்றாள்.

"ஏய் கருவாடு, எங்கடை பூவரசு இலையும் மணக்குது. சாமிக்கு ஆயிற பூவும் மணக்குது."

"சைவத்துக்கு மூக்கு நீளம்."

"கண்ணைத் திறந்துகொண்டு செத்துக் கிடக்குது. அதைப் பாத்துக்கொண்டு என்னெண்டு தின்னுறியள்?"

"நீங்கள் கத்தரிக்காயைக் கண்ணை மூடச் சொல்லிப்போட்டோ வெட்டுறனீங்கள்?"

அவள் சிரித்ததில் மூக்கிலிருந்த தலைப்பு விழுந்துவிட்டது. அதைத் திரும்பத் தூக்க மறந்துபோய், நான் மீன் புரட்டி முடியும்வரை நின்றாள். உயர்தரம் வரை படித்தவள், என் வயதுதான், சந்தைக்குக்கூடத் தனியே போய் அறியாதவள். உலகத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது எதுவும் எனக்குத் தெரியாது. இப்படி இரண்டு பேர் கதைக்கத் தொடங்கினால் எங்கே முடிப்பது?

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக்குச் சாமான் வர அரசாங்கத் தடை. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, சவுக்காரம் இல்லை. சனம் பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தது. அழுக்குப் போகும், ஆனால் துணியில் பழத்தின் இனிப்பு வாசம் தங்கிவிடும். கொடியில் போட்டுவிட்டு அங்கால் திரும்பினால் மாடு வந்து சப்பத் தொடங்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் யாருடைய சட்டைக்கு இரண்டு கையும் இருக்கிறதோ அவர்கள் வீட்டில் மாடு இல்லை என்று ஊரில் பகிடி சொல்வார்கள்.

நான் விடிய எழும்பிச் சைக்கிளில் அரியாலைக்குப் போய்க் களப்பு மீன் வாங்கி வருவேன். என்னைப் போலப் பெட்டி கட்டிச் சைக்கிள் மிதித்த பொம்பிளை அப்போது அந்தத் தெருவில் ஒருத்தியும் இல்லை. பெடியள் விசிலடிப்பார்கள், கீறுகிற கத்தியைக் காட்டுவேன், நிறுத்துவார்கள். மீன் கீறி முடித்து நான் கிணற்றடிக்கு வரும்போது சைவம் அங்கே நிற்பாள். புளியும் எலுமிச்சை இலையும் கசக்கி என் கையைப் பிடித்துத் தேய்ப்பாள். வீட்டுக்குள் வாடை வரக்கூடாது என்று ஐயா சொன்னதால்தான் தேய்க்கிறாள் என்று நானும் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கழுவி முடித்த என் உள்ளங்கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள்.

"போகேல்லை" என்றாள்.

"போகாது. அது தோலிலை இல்லை, எலும்பிலை."

"போகவேண்டாம்" என்று சொல்லி, அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பெரிய பிள்ளையானால் மாமி முறையானவள் வந்து தலையில் தண்ணீர் வார்ப்பாள். எனக்கும் குருநகரில் வார்த்தார்கள், பலகாரம் சுட்டார்கள், நான் எரிச்சலோடு இருந்தேன். உண்மையில் நான் பெரிய பிள்ளையானது புத்தூர்க் கிணற்றடியில்தான். அதற்கு யாரும் பலகாரம் சுடவில்லை. துலாவிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கடலுக்கு அப்பாவைக் கொடுத்துவிட்டுப் பயம் என்றால் என்னவென்று மறந்திருந்த நான், அந்தக் கன்னத்திலிருந்து கையை எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்து அசையாமல் நின்றேன். பிறகு எடுக்கவேண்டிய தேவை வரவில்லை. அதற்கு மேல் நடந்தது எங்கள் இரண்டு பேருடையது.

பாவசங்கீர்த்தனத்துக்கு மாதா கோயிலுக்குப் போய் முழந்தாளிட்டபோது இதைச் சொல்லவேண்டுமா என்று யோசித்துப் பார்த்தேன். களவெடுத்தேனா? இல்லை. யாரையும் கெடுத்தேனா? இல்லை. பொய் சொன்னேனா? கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை மட்டும் சுவாமியாரிடம் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். ஊருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு பெடியனிடம் ஒருத்தி நின்று நேரம் கேட்டால் வேலிக்கு வேலி தலை முளைக்கும். இரண்டு பெண்பிள்ளைகள் ஒரு சைக்கிளில் போனால் "பாவம், நல்ல சிநேகிதம்" என்பார்கள். சைவம் என் பின்னால் கரியரில் இருந்து, பனங்கூடல் தாண்டியதும் என் முதுகில் நெற்றியை வைத்துக்கொள்வாள். அவளுடைய விபூதி என் சட்டையில் ஒட்டியிருக்கும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நீ எப்ப சைவமானனி?" என்று ஒரு நாள் கேட்டாள். "கனநாளாச்சு" என்றேன்.

எங்களைக் காட்டிக்கொடுத்தது மணம். ஒரு வெள்ளிக்கிழமை ஐயாவுக்கு அவள் குனிந்து சோறு பரிமாறியபோது ஐயா கையை இழுத்துக்கொண்டாராம்.

"பிள்ளை, உன்ரை தலைமயிர் மச்சம் மணக்குது."

"கிணத்தடியிலை கருவாடோடை நிண்டனான் ஐயா."

"பக்கத்திலை நிண்டால் சீலை மணக்கும். தலைமயிர் ஏன் மணக்குது?"

 ஐயா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப்போனார். அவர் என்ன நினைத்தார், எவ்வளவு நினைத்தார் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அடுத்த கிழமையே கலியாணத் தரகர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். மாப்பிள்ளை உடுப்பிட்டி, இருப்பது ஜேர்மனியில். சாதகம் பொருந்திவிட்டது. பெண்ணைக் கிளாலிக் கடலால் கொழும்புக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானம் ஏற்றுவது. போனால் போனதுதான். அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது நான் சின்னப்பிள்ளை, ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாவது தரம் ஒரு ஆளைக் கடலுக்குக் கொடுக்க நான் ஆயத்தமில்லை.

பனங்கூடலுக்குள் அவளைக் கேட்டேன். "நீ போவியோ?"

அவள் கீழே கிடந்த பனங்கொட்டையைக் காலால் உருட்டினாள். "ஐயாவுக்கு நான் ஒரு பிள்ளை. அவர் சொன்னால் நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது?"

"வாயாலைதான். வேறை எதாலை?"

"உனக்கு வாய் இருக்குது கருவாடு. எனக்கு அவரை விட்டால் ஒருத்தருமில்லை."

"அப்ப நான் ஆர்?"

அவள் பேசவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்று மீனுக்கு உப்பை அள்ளிக் கொட்டினேன். அந்தக் கருவாட்டை வாங்கியவர்கள் பிறகு வந்து ஏசினார்கள். நினைத்ததைச் செய்கிற பழக்கம் என்னுடையது. நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறவர்களை எனக்கு அப்போது விளங்காது. போக விருப்பம்போலும், ஜேர்மனி என்றால் யாருக்குத்தான் கசக்கும் என்றெல்லாம் மனம் ஓடியது.

மாப்பிள்ளை ஒரு சேலை அனுப்பியிருந்தான். மாப்பிள்ளையின் தாய் வந்து பெண்ணைப் பார்க்கிற அன்று அதை உடுத்திப் படம் எடுத்து அனுப்பவேண்டும். கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த பொதி கிளாலியில் வள்ளத்துக்குள் நனைந்து, உப்புத் தண்ணீரும் எஞ்சின் எண்ணெயும் ஊறி வந்து சேர்ந்தது. தோய்க்காமல் உடுக்கமுடியாது. ஐயா பெட்டகத்தைத் திறந்தார். மகளின் நல்ல நாளுக்கென்று தடைக்கு முதலே வாங்கி ஒளித்து வைத்திருந்த ஒரு முழுக்கட்டிச் சவுக்காரம், நீலக் கடதாசி சுற்றினபடி, அதற்குள் இருந்தது. அந்த ஊரில் அப்போது தங்கம் இருந்த வீடுகள் இருந்தன. முழுக்கட்டிச் சவுக்காரம் இருந்த வீடு அது ஒன்றாகத்தான் இருக்கும். அதை அவள் கையில் வைத்து, "நல்லாத் தோய்ச்சுப்போடு பிள்ளை" என்றார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வருகிற நாள் காலையில் நான் அரியாலையிலிருந்து மீனோடு திரும்பி, வளவுக்குள்ளால் குடிலுக்குப் போனேன். சேலை கொடியில் கிடந்தது. காற்றில் பனம்பழ வாசம் வந்தது. எண்ணெய் இலேசில் போயிருக்காது, அவ்வளவு பெரிய கட்டியும் கரைந்து முடியப் பனம்பழத்தில் அலசியிருக்கிறாள் என்று நினைத்தேன். முருங்கை மரத்தில் கட்டியிருந்த சிவப்புப் பசு கயிற்றை இழுத்து, கழுத்தை நீட்டி, நாக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. ஐயா வாசல் பக்கம் கோலத்தையும் குத்துவிளக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் ஒருவருமில்லை. கடற்கரையில் பிறந்தவளுக்கு முடிச்சு அவிழ்க்க ஒரு கை காணும். மற்றக் கையில் மீன் பெட்டியோடு, நடை நிறுத்தாமல் அவிழ்த்துவிட்டுப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு பழைய வாடகைக் கார் புகை கக்கிக்கொண்டு படலையில் வந்து நின்றதும், ஐயா "ஐயோ!" என்று கத்தியதும் ஒன்றாகத்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். முந்தானையின் ஒரு பக்கம் பசுவின் வாயில், மற்றப் பக்கம் ஐயாவின் கையில். அவர் இழுக்கிறார், அது கண்ணை மூடிக்கொண்டு மெல்கிறது. மாப்பிள்ளையின் தாய் படலைக்குள் ஒரு காலும் வெளியில் ஒரு காலுமாக நின்றுவிட்டாள்.

"கலியாணக் கூறை வாறத்துக்கு முதல் வந்த சீலையை மாடு தின்னுது" என்றாள். "இலட்சுமி எல்லோ. வாயில்லாச் சீவன் வேண்டாமெண்டு சொல்லுது அண்ணை."

"பனம்பழ மணத்துக்கு எல்லா மாடும் சப்புறதுதானே அம்மா" என்றார் ஐயா. பாவம், மூச்சு வாங்கியது.

குடில் வாசலில் நின்ற என் அம்மா, உண்மையாகவே ஐயாவுக்கு உதவிசெய்ய நினைத்து, "வேண்டாமெண்டால் துப்பியெல்லோ இருக்கும்! அது நல்ல விருப்பத்தோடைதானே தின்னுது" என்றாள். கார்ச் சாரதி சிரித்துவிட்டான். அந்த மனுசி படலைக்குள் வைத்த காலையும் எடுத்துக்கொண்டு போய்க் காரில் ஏறினாள். சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

ஐயா கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். "சவுக்காரம் தந்தனான். பிறகேன் பனம்பழம்?" என்று மகளைக் கேட்டார். "எண்ணெய் பிடிச்ச சீலை ஐயா. எல்லாம் கரைஞ்சு போச்சுது" என்றாள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. அவர் கயிற்று நுனியை விரலால் தடவினார். "இது அறேல்லை. அவிண்டிருக்குது" என்றவர் என் பக்கம் திரும்பினார். நான் ஒளிக்கிற ஆள் இல்லை.

"ஓம் ஐயா. நான்தான் அவிட்டனான்."

"ஏன்?"

"அவள் போகப்படாது."

"அதைச் சொல்ல நீ ஆர்? நான் கண்ணை மூடினால் அவளை ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கிறன்."

"நீ! கருவாடு வித்தோ?"

"ஓம். கருவாடு வித்துத்தான். உங்களையும் பாக்கிறன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மாலைக்குள் குடிலைக் காலி செய்யச் சொன்னார். நான் அம்மாவையும் உப்புச் சாக்கையும் கொண்டு ஒழுங்கையைக் கடந்து, பனங்கூடலுக்குள் ஒரு கொட்டில் போட்டேன். அந்தக் காணி வேறு ஆளுடையது. அவருக்கு நல்ல சூடை மீன் கருவாடு கொடுத்து வாயை மூடினேன். இவ்வளவும் நடக்கும்போது சைவம் குசினி வாசலில் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குள் முள்ளாகத் தைத்தது.

அதற்குப் பிறகு அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. 'மாடு தின்ற சேலைக்காரி' என்று பெயர் பரவிவிட்டது. எங்களுக்குக் கிணற்றடி மூடியது, பனங்கூடல் திறந்தது. ஐயா தோட்டத்துக்குப் போனதும் அவள் வருவாள். பழையபடி என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். என் வியாபாரமும் வளர்ந்தது. சண்டைக் காலத்தில் ஒருவரும் வாங்காத மீனையெல்லாம் நான் வாங்கினேன். ஆனால் ஒரு விசயம் என்னை விடவில்லை. நான் கட்டை அவிழ்த்தேன், மாடு சேலையைத் தின்றது, அதனால் அவள் நின்றாள். மாடு தின்னாவிட்டால்? அவளாக நின்றிருப்பாளா? சந்தையில் எந்தத் தராசுக்கும் பயப்படாத எனக்கு இதைக் கேட்கப் பயம். அதனால் பெருமை பேசினேன். "உன்னை இஞ்சை நிப்பாட்டி வைச்சிருக்கிறது நான்தான், தெரியுமோ? என்ரை இந்த ஒரு கை" என்பேன். "ஓமோம்" என்பாள். அந்த ஓமோமில் ஒரு சிரிப்பு இருக்கும். அது என்ன சிரிப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசி நடுவில் இராணுவம் நெருங்கி வர, ஊரே எழும்பியது. எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் கொட்டுகிற மழையில் தென்மராட்சிப் பக்கம் நடக்கத் தொடங்கியது. ஐயாவுக்குக் கால் வீங்கி நடக்க முடியாது. குடிலைவிட்டுப் போன பிறகு முதல் தரமாக நான் அந்தப் படலையைத் திறந்தேன். ஐயா வாசற்படியில் இருந்தார். சைவம் ஒரு துணிப் பொட்டளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"ஏறுங்கோ ஐயா" என்று சைக்கிளைப் பிடித்தேன்.

"கருவாட்டுப் பெட்டி கட்டுற கரியரிலையோ என்னை ஏத்தப்போறாய்?"

"பெட்டியைக் கழட்டிப்போட்டன். மணத்தைக் கழட்ட ஏலாது. நீங்கள்தான் பொறுக்கவேணும்."

அவர் எழும்பி, முதலில் முருங்கை மரத்தடிக்கு நொண்டி நொண்டிப் போனார். சிவப்புப் பசுவின் கயிற்றை அவிழ்த்து, அதன் நெற்றியில் கை வைத்துவிட்டுத் திரும்பினார். "இந்த முறை நான் அவிட்டனான்" என்றார், என்னைப் பாராமல். பிறகு வந்து கரியரில் ஏறினார். நான் உருட்டினேன், சைவம் பின்னால் பிடித்துக்கொண்டாள், அம்மா உப்புச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் நடந்தாள். உப்புக் கரைந்து அவள் கழுத்தால் வழிந்தது. நாவற்குழிப் பாலத்தில் சனம் அடி அடியாக அசைந்தது. ஆட்கள் விழுந்தார்கள், பிள்ளைகள் தொலைந்தார்கள். நான் சைக்கிளைச் சரிய விடவில்லை. இன்றைக்கு என்னிடம் லொறி ஓடுகிறது. ஆனால் என் வாழ்நாளில் நான் ஏற்றி இறக்கிய பெரிய பாரம் அதுதான்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தின் விறாந்தை மூலை கிடைத்தது. ஐயா இரண்டு வேளை ஒன்றும் தின்னவில்லை. சமைக்கிற சட்டியெல்லாம் மீன் பட்ட சட்டி. நான் மழைக்குள் சுற்றி ஒரு புதுமண் சட்டி தேடிப் பிடித்து, முருங்கை இலையும் பருப்பும் போட்டுக் கறி வைத்துக் கொண்டுபோய் வைத்தேன். கருவாட்டுக்காரி வைத்த சைவக் கறி. அவர் சட்டியை முகர்ந்து பார்த்தார். பிறகு சாப்பிட்டார். கோப்பையை வழித்து முடித்துவிட்டு, "பாக்கிறன் எண்டனி" என்றார். கையை நீட்டி மழைத் தண்ணீரில் கழுவினார். "பாக்கிறாய்தான்."

பத்தாம் வகுப்புப் பாஸ் பண்ணியவர்களுக்குச் சேட்டிபிக்கற் கொடுப்பார்களாமே, எனக்கு அதுதான் சேட்டிபிக்கற்.

அடுத்த நாள் மழை விட்டது. பள்ளிக்கூடக் கிணற்றடியில் சேறு படிந்த உடுப்புகளோடு நான் குந்தியிருந்தேன். சைவம் வந்து அந்தத் துணிப் பொட்டளியை அவிழ்த்தாள். ஓடுகிற அவசரத்தில் எதை எடுத்தாளோ என்று நான் கேட்கவுமில்லை. உள்ளே மாடு தின்ற சேலை இருந்தது. அதன் மடிப்புக்குள், நீலக் கடதாசி சுற்றினபடி, ஒரு மூலைகூடக் கரையாமல், முழுக்கட்டிச் சவுக்காரம்.

நான் அதைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். 

"நீ அவிட்டனி. சரி, கெட்டிக்காரிதான்" என்றாள். "பனம்பழத்திலை தோய்ச்சது ஆர்? மாட்டுக்குக் கிட்ட, பதிஞ்ச கொடியாப் பாத்துக் காயப்போட்டது ஆர்? முதல் நாள் பின்னேரம் அதுக்கு வைக்கோல் போடாமல் விட்டது ஆர்?"

"அப்ப ஏன் அண்டைக்குப் பனங்கூடலுக்குள்ளை பேசாமல் நிண்டனி?"

"வாயாலை சொன்னால் ஐயாவுக்கு மறுமொழி சொல்லவேணும். மாடு சொன்னால் ஆர் மாட்டைக் கேக்கிறது?"

"கட்டின மாடு என்னெண்டு வந்து தின்னுமெண்டு நினைச்சனி?"

"அவிட்டுவிட வெளிக்கிட்டனான். குசினி யன்னலாலை பாத்தால் நீ பெட்டியோடை வாறாய்." அவள் கடதாசியை உரித்தாள். "பிறகென்ன, நான் அடுப்பைப் பாத்தன்."

இத்தனை காலம் என் ஒரு கை செய்ததென்று நான் பேசிய பெருமையையெல்லாம் அவள் அந்த ஓமோமுக்குள் போட்டு வைத்திருந்திருக்கிறாள். அவள் சவுக்காரத்தை நனைத்து என் கையைப் பிடித்து நுரைக்க நுரைக்கத் தேய்த்தாள். பிறகு தூக்கி முகர்ந்தாள். "இன்னும் போகேல்லை" என்றாள். சுற்றிவர ஊர் முழுக்க நின்றது. எனக்கு ஒருவரும் தெரியவில்லை.

அடுத்த வருசம் புத்தூருக்குத் திரும்பினோம். ஐயா தன் வீட்டில், தன் கட்டிலில், என் கையால் பால் குடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அம்மாவும் போய்விட்டாள். இப்போது இந்த வீட்டில் இரண்டு பேர், இரண்டு அடுப்பு. ஒன்றில் மீன் ஏறும், ஒன்றில் ஏறாது. வெள்ளிக்கிழமையில் இரண்டிலும் ஏறாது. அது ஐயாவின் சட்டம், அதை நான் மாற்றவில்லை. என் கடைகளில் சவுக்காரம் நிறநிறமாகப் பெட்டியில் அடுக்கிக் கிடக்கிறது. ஆனாலும் அந்தச் சேலையை மட்டும் அவள் வருசத்தில் ஒரு நாள் பனம்பழத்தில்தான் தோய்ப்பாள்.

இன்று அந்த நாள். சேலை காய்ந்துகொண்டிருக்கிறது. நான் தடியோடு கதிரையில் இருக்கிறேன். அடுத்த வளவுக்காரர் மாடு ஒன்று ஒழுங்கையில் வந்து, எங்கள் படலைக்கு மேலால் தலையை நீட்டி, மூக்கை விரித்து மணம் பிடிக்கிறது.

"கருவாடு, மாடு ஏதும் வந்ததோ?" குசினிக்குள்ளிருந்து சத்தம் வருகிறது.

"வந்து நிக்குது."

"கலைக்காதை. அதுக்கு வைக்கோல் போடு."